மூன்றாம் பிறையா, குணாவா?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: ‘எங்கள் அறையில் நான்கு பேர். கமலின் உச்சம் மூன்றாம் பிறையா, குணாவா என்று தினமும் சண்டை. ஒன்று இங்கேயே எடுத்த படம், இன்னொன்று கொடைக்கானலில் எடுத்தது. இரண்டுமே நடிகரின் படம்தான் என்கிறான் ஒருவன். மூன்றாம் பிறை இயக்குநரின் படம், கமல் அதில் ஓர் ஆள் மட்டும்தான் என்கிறான் இன்னொருவன். நீங்கள் எதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்? அதன் ஹிந்தி வடிவமான சத்மாவையும் பார்க்க வேண்டுமா?’

திரும்பத் திரும்பப் பார்க்க மூன்றாம் பிறை. கமல் என்ற நடிகரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் குணா. மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம் தம்பி. நீங்கள் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள், சண்டை தீராததற்கு அதுதான் காரணம்.

ஒரு படத்தை முதல்முறை பார்க்கும்போது நாம் கதையின் பின்னால் ஓடுகிறோம். அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பில் நடிகரின் முகம்தான் கண்ணில் நிற்கும். முடிவு தெரிந்த பிறகு அந்தப் பதைப்பு போய்விடும். அப்போதுதான் ஜன்னல் எங்கே இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஒருவர் பேசும்போது கேமரா ஏன் மற்றவர் முகத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். முதல் பார்வை நடிகருக்கு, அடுத்த பார்வைகள் இயக்குநருக்கு. எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. பல படங்களை இரண்டாம் முறை பார்த்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

மூன்றாம் பிறை 1982 பிப்ரவரியில் வந்தது. விபத்தில் நினைவு தவறி, மனதளவில் சின்னப் பிள்ளையாகிவிட்ட பெண் விஜி (ஸ்ரீதேவி). அவளை ஒரு மோசமான இடத்திலிருந்து மீட்டுத் தன் ஊருக்குக் கூட்டி வரும் பள்ளிக்கூட வாத்தியார் சீனு (கமல்). அந்த ஊர் கேத்தி. கடைசியில் அவளுக்கு நினைவு திரும்புகிறது, ஆனால் இடையில் சீனுவோடு இருந்த காலம் முழுக்க அழிந்துபோகிறது. ரயில் கிளம்பும்போது அவன் என்னென்னவோ செய்து காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியக்காரன்.

இந்த முடிவு தெரிந்தபின் படத்தின் நடுப்பகுதியை மறுபடி பாருங்கள். முதல்முறை பார்க்கும்போது அது கொஞ்சம் மெதுவாகப் போவதாகத் தோன்றும். நாய்க்குட்டி, பக்கத்து வீட்டுப் பாட்டி, நரிக்கதை, விளையாட்டு, கோபம், சமாதானம் என்று பெரிதாக ஒன்றும் நடக்காமல் நாட்கள் போகும். இரண்டாம் முறை அதே காட்சிகள் நெஞ்சை அழுத்தும். அவள் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் அவளிடமே தங்கப்போவதில்லை என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. திரைக்கதையில் எதையும் மாற்றாமல் பார்ப்பவரின் நிலையை மட்டும் மாற்றிவிடுகிறது படம். இரண்டாம் முறை பார்ப்பதற்கென்றே எடுத்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இங்கே பாலுமகேந்திராவின் கைவேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அவர் இயக்குநர் மட்டுமல்ல, ஒளிப்பதிவாளரும் அவரே. புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். இயக்குநராகும் முன்பே மலையாளத்தில் ‘நெல்லு’ (1974) மூலம் கேமராக்காரராகப் பெயர் வாங்கியவர். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தின் ஒளிப்பதிவும் அவருடையதுதான். கூடுமானவரை இருக்கிற வெளிச்சத்திலேயே எடுப்பார்.

இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பது என்று சொல்வது சுலபம். கேத்தியில் ஒரு வாரம் இருந்தவருக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வம்பு என்று. காலையில் கண்ணைக் கூசும் வெயில் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மிஸ்ட் ஏறும். முதலில் கேரட்டும் பீட்ரூட்டும் போட்ட மேடைத் தோட்டங்கள் மறையும், பிறகு கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களின் அடிப்பாகம் மறைந்து உச்சி மட்டும் அந்தரத்தில் நிற்கும். கொஞ்ச நேரத்தில் பழையபடி வெயில். ஒரு காட்சியில் கமல் பேசும் வரியை வெயிலில் எடுத்து, ஸ்ரீதேவி பதில் சொல்வதை எடுப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டால் இரண்டும் ஒட்டாது. அதனால்தான் பெரும்பாலான யூனிட்டுகள் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். பாட்டில் வெளிச்சம் மாறினால் யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்துக் கலர் ஃபிலிமுக்கு வேகமும் குறைவு, நிறைய வெளிச்சம் கேட்கும். நம் ஊட்டி இந்துநகர் தொழிற்சாலையிலேயே ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தார்கள் என்பது உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர்களின் பலம் கறுப்பு வெள்ளையும் எக்ஸ்ரே ஃபிலிமும்தான்.

இத்தனை சங்கடம் இருந்தும் பாலுமகேந்திரா கதையையே இங்கே வைத்தார். விஜி உட்காரும் இடம் பல காட்சிகளில் ஜன்னலுக்கோ வாசலுக்கோ அருகில் இருக்கும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும், இன்னொரு பக்கம் இருட்டுக்குப் போய்விடும். நம் ஊர் வீடுகளுக்குள் மழைக்காலத்தில் வெளிச்சம் அப்படித்தான் விழும். குளிருக்காகப் போர்த்திக்கொள்வது, ஈரத் தரையில் பார்த்துப் பார்த்து நடப்பது எல்லாம் அழகுக்கு வைத்ததில்லை. இங்கே வாழ்கிறவர்களின் உடம்பு அப்படித்தான் இயங்கும். அவருக்கு அந்த ஆண்டு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. கமலுக்குச் சிறந்த நடிகர் விருது, அவருடைய முதல் தேசிய விருது.

ஸ்ரீதேவிக்கு? தேசிய அளவில் அந்த ஆண்டு சிறந்த நடிகை விருது ‘அர்த்’ படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குப் போனது. அதில் தப்பு சொல்ல முடியாது, அது வேறு மாதிரியான பிரமாதம். தமிழ்நாடு அரசின் விருது ஸ்ரீதேவிக்குக் கிடைத்தது. தேசிய விருது அவரிடம் வந்தபோது அவரே இல்லை, ‘மாம்’ படத்துக்காக 2018இல் இறந்தபின் கொடுத்தார்கள். உங்கள் கேள்வியில் நான்கு பேர் சண்டை போடுகிறீர்கள், ஸ்ரீதேவியின் பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய வியப்பு. மூன்றாம் பிறையின் முக்கால்வாசி நேரம் படத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் அவர்தான். வளர்ந்த பெண் குழந்தையாக நடித்தால் மழலை பேசி, கண்ணை உருட்டி, இரண்டு நிமிடத்தில் நமக்குச் சலிப்புத் தட்டிவிடும். அவர் மழலையை நம்பவில்லை. கவனம் சிதறுவதைப் பிடித்துக்கொண்டார். குழந்தை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பார்வை வேறெங்கோ போய், உதடு மட்டும் பழைய பேச்சிலேயே நிற்கும் பாருங்கள், அது. கோபித்துக்கொண்டு உட்காரும்போது தோள்பட்டை முதலில் இறங்கும், முகம் அப்புறம்தான் சுருங்கும். அப்போது அவருக்கு வயது 18 சொச்சம்.

அப்படியானால் கமல்? இந்தப் படத்தில் கமலின் பெரிய நடிப்பு ரயில்வே ஸ்டேஷனில் இல்லை என்பது என் கட்சி. அடிக்க வராதீர்கள். ஸ்டேஷன் காட்சி பெரிய காட்சிதான், முதல்முறை பார்த்தபோது யாரும் அழாமல் வந்திருக்க முடியாது. ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அதில் கொஞ்சம் அதிகப்படி தெரிகிறது. மழை, சேறு, கம்பத்தில் மோதல், நொண்டல், தலையில் பாத்திரம், குரங்காட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்து, யாரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதே போதும், நம்மைக் கொன்றுவிட. கமல் உண்மையில் அசத்துவது அதற்கு முன்னால், அவள் பேசும்போது பக்கத்தில் இருந்து கேட்கும் இடங்களில். நரிக்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் தங்கள் குரலிலேயே பாடுவதுபோலப் பேசியது அது. அதில் அவர் கதை சொல்கிறார், கூடவே ஒரு கண்ணை அவள் முகத்தில் வைத்திருக்கிறார், எந்த இடத்தில் அவளுக்குப் பயம் வரும், எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று. அப்பாவும் அண்ணனும் காதலனும் ஒரே முகத்தில் மாறி மாறி வந்துபோவது அங்கேதான். ஒரு முகம் வந்துவிடக் கூடாது என்று அவரே அடக்குவதும் தெரியும்.

தலைமையாசிரியர் மனைவியாக சில்க் ஸ்மிதா வரும் பகுதியைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரிதான் திட்டுவார்கள், வியாபாரத்துக்காகச் சேர்த்தது என்று. பாட்டு வியாபாரத்துக்குத்தான். பாத்திரம் அப்படியில்லை. வயதான கணவனோடு, பேச்சுத் துணை இல்லாமல், மழையில் அடைந்து கிடக்கும் ஒரு மலையூர் வீட்டின் தனிமை பொய்யில்லை. பாலுமகேந்திரா அந்தப் பாட்டை விட்டுவிட்டு அந்தப் பெண்ணை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம்.

அப்புறம் ‘கண்ணே கலைமானே’. கண்ணதாசன் சினிமாவுக்குக் கடைசியாக எழுதிய பாட்டு. 1981 அக்டோபரில் அவர் காலமாகிவிட்டார், படம் வந்தது நான்கு மாதம் கழித்து. இளையராஜாவின் இசை, ஏசுதாஸின் குரல். இதைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

இனி கொடைக்கானல். குணா 1991 தீபாவளிக்கு வந்தது, ரஜினியும் மணிரத்னமும் சேர்ந்த தளபதி வந்த அதே நாளில். அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு மனநோயாளியின் பக்திக் காதலைக் கேட்க யாருக்குப் பொறுமை? சந்தானபாரதி இயக்கம், கதை சாப் ஜான், வசனம் பாலகுமாரன், கேமரா வேணு. சந்தானபாரதியை இப்போதைய பிள்ளைகள் நடிகராகத்தான் அறிவார்கள். பி.வாசுவோடு சேர்ந்து அவர் இயக்கிய ‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981) நம் ஊட்டியில் நடக்கும் பள்ளிப் பருவக் காதல் கதை. குணாவுக்குப் பின் ‘மகாநதி’ (1994). மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் அவர் சாதாரண ஆளில்லை என்று புரியும். நடிகரை நம்பி, கேமராவை அவரோடு நடக்கவிட்டு, தான் ஒதுங்கிக்கொள்கிற இயக்குநர். அப்படி ஒதுங்கத் தெரிவதும் ஒரு திறமைதான். ஆனால் விவாதம் வரும்போது அந்த வகை இயக்குநருக்குப் பங்கு கிடைப்பதில்லை.

குணாவில் கமலைப் பார்க்க ஒரே ஒரு காட்சி போதும். ஆரம்பத்தில் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தன் அபிராமியைப் பற்றிப் பேசிக்கொண்டு போவாரே, அது. நடையின் வேகத்துக்குப் பேச்சு ஓடுகிறது, பேச்சின் வேகத்துக்கு மூச்சு ஓடுகிறது. ஓரிடத்தில்கூட இது நடிப்பு என்று தெரிய அவர் இடம் கொடுப்பதில்லை. சீனுவாக வந்த கமலுக்கு எதிரே ஸ்ரீதேவி இருந்தார், பாதிச் சுமையை வாங்கிக்கொள்ள. குணாவில் எதிரே இருந்தவர் புதுமுகம் ரோஷினி. முழுச் சுமையும் ஒருவர் தலையில். ஆகவே கமலின் உச்சம் எது என்று மட்டும் கேட்டால் என் ஓட்டு குணாவுக்கு.

ஆனால் அந்தப் படத்தில் கமலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? குகை மிஞ்சும், ‘கண்மணி அன்போடு’ மிஞ்சும். போலீஸ், கொள்ளை, துரத்தல் எல்லாம் இரண்டாம் பார்வையில் நம்மைக் கொட்டாவி விட வைக்கும். மூன்றாம் பிறையில் வேறொரு நல்ல நடிகரைப் போட்டிருந்தாலும் அந்த வீடும் மழையும் அந்தப் பெண்ணும் நின்றிருப்பார்கள். உங்கள் அறை நண்பர் சொன்ன ‘இயக்குநரின் படம்’ என்பதை இந்த அளவில்தான் நான் ஏற்பேன். ‘கமல் அதில் ஓர் ஆள் மட்டும்தான்’ என்ற பாதியை ஏற்க மாட்டேன்.

குகையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. பில்லர் ராக்ஸ் பக்கம் இருக்கும் அந்த இடத்துக்கு முன்பு டெவில்ஸ் கிச்சன் என்று பெயர், வெள்ளைக்காரன் வைத்தது. படம் வந்தபின் குணா குகை என்றே ஆகிவிட்டது. ஓடாத படம் ஊருக்குப் பெயர் வைத்தது வேடிக்கைதான். பாறைகளுக்கு நடுவே ஆழம் தெரியாத பிளவுகள் இருப்பதால் இப்போது உள்ளே விடுவதில்லை, கம்பி வேலிக்கு இப்பால் நின்று, மரவேர்கள் பின்னிக் கிடக்கும் சரிவில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். 2006இல் கொச்சிப் பக்கம் மஞ்ஞும்மல் என்ற ஊர்ப் பையன்கள் சுற்றுலா வந்தபோது ஒருவர் பிளவுக்குள் விழ, நண்பரே இறங்கி மீட்டார். அதுதான் 2024இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. சிதம்பரம் இயக்கிய மலையாளப் படம், தமிழில் டப் செய்யாமலேயே நம் ஊர்த் தியேட்டர்களில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள்.

ஏன் பார்த்தார்கள்? பள்ளத்திலிருந்து நண்பனை மேலே கொண்டுவரும் நேரத்தில் ‘கண்மணி அன்போடு’ ஒலிக்கும்போது தியேட்டரில் கைதட்டியது அந்த மலையாளப் பையன்களுக்காக மட்டுமில்லை. 33 வருடம் கழித்து குணாவுக்கு விழுந்த கைதட்டலும் அதில் இருந்தது. காதலுக்காக வாலி எழுதிய வரிகள் நட்புக்குப் பொருந்திவிட்டன. திரும்பப் பார்ப்பது என்பதை நாம் தனித்தனியாக வீட்டில் செய்கிறோம், சிதம்பரம் அதை ஒரு முழுப் படமாகவே செய்துவிட்டார். கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் நண்பர்கள் யாராவது ‘அந்தக் குகைக்குள்ளேயே போய் எடுத்தார்கள்’ என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே நடக்கும் காட்சிகளுக்குப் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் செட் போட்டார் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி. கமலும் வேணுவும் நிஜப் பாறைகளுக்குள் இறங்கி எடுத்தது குணாவுக்குத்தான்.

மலையூர்க்காரர்கள் படம் பார்ப்பதில் ஒரு தொந்தரவு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘ரோஜா’வை (1992) குன்னூரில் நிம்மதியாகப் பார்க்க முடியாது. காஷ்மீருக்குப் போக முடியாத நிலைமையால் குன்னூர், ஊட்டி, மணாலி என்று எடுத்தார்கள். கதாநாயகி கணவனைத் தேடி அழுதுகொண்டிருப்பாள், சோபாவிலிருந்து மாமா ஒருவர், ‘ஏய், இது நம்ம ரோடுடா’ என்பார். அவ்வளவுதான், காஷ்மீர் போச்சு. டேவிட் லீனின் ‘எ பேசேஜ் டு இந்தியா’வில் (1984) நம் மலை ரயில் வடக்கத்தி ரயிலாக வேஷம் போட்டது. ‘உயிரே’ படத்தின் ‘தைய தையா’வும் அதே ரயிலின் கூரைமேல்தான். ரோஜாவுக்கும் அதற்கும் கேமரா சந்தோஷ் சிவன். மணிரத்னத்தின் ‘இதயத்தைத் திருடாதே’ (தெலுங்கில் ‘கீதாஞ்சலி’, 1989) பெரும்பாலும் ஊட்டியிலேயே எடுத்தது. பி.சி. ஸ்ரீராமின் பனிமூட்டம் கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்த ஊட்டியில் யாருக்கும் வேலை வெட்டி இல்லை, சந்தைக்குப் போக வேண்டியதில்லை, துணி காயாத கவலை இல்லை. நீலகிரி எந்த ஊராகவும் நடித்துக் கொடுக்கும். அது நீலகிரியாகவே நடித்த பெரிய படங்கள் குறைவு. மூன்றாம் பிறையில் கேத்தி, கேத்தியாகவே வருகிறது. அதனால் அந்தப் படத்தில் மட்டும் மாமா வாயைத் திறப்பதில்லை.

கடைசிக் கேள்வி, சத்மா. பாருங்கள், கட்டாயம் பாருங்கள். 1983இல் பாலுமகேந்திராவே ஹிந்தியில் எடுத்தது. அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே சில்க் ஸ்மிதா, அதே இளையராஜா, கேமராவும் அவரே. ‘கண்ணே கலைமானே’ மெட்டை அங்கேயும் ஏசுதாஸ்தான் பாடினார். வந்த புதிதில் ஹிந்திக்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பிறகு தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இயக்குநரா நடிகரா என்ற உங்கள் சண்டைக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது, ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் மாறவில்லை. இருந்தும் எனக்கு சத்மா ஒரு படி கீழேதான். நரிக்கதையை ஹிந்தியிலும் இருவரே பாடியிருக்கிறார்கள். தமிழில் கமல் அதை வீட்டுத் திண்ணையில் சொல்வதுபோலச் சொல்கிறார். ஹிந்தியில் வரி தப்பிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை குரலில் இருக்கிறது, அந்த ஜாக்கிரதைக்குப் போகும் கவனம் ஸ்ரீதேவியின் முகத்திலிருந்து கழிகிறது. ஸ்ரீதேவி இரண்டிலும் ஒன்றுதான், கொஞ்சமும் குறையவில்லை.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், காட்சிகள் குழம்பிவிடும். முதலில் மூன்றாம் பிறை, ஒரு மாதம் விட்டு சத்மா. பார்க்கும்போது நரிக்கதையை மட்டும் இரண்டு மொழியிலும் அடுத்தடுத்து ஓடவிட்டு, நால்வரும் கமலை விட்டுவிட்டு ஸ்ரீதேவியைப் பாருங்கள். செல்போனில் வேண்டாம், ஜன்னல் வெளிச்சமெல்லாம் அதில் கறுப்பாகத்தான் தெரியும். அறையில் டிவி இல்லையென்றால் ஒரு லேப்டாப்பாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.